ஃபிகர் ஷோகேஸ்: 2040 அலுமினியச் சட்டம், டஃபண்ட் கண்ணாடி. பாகம் பாகமாக ஒரு மதிப்பீடு

ஃபிகர் (அனிமே, சினிமா பாத்திரங்களின் உருவப் பொம்மை) சேர்க்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ரெடிமேட் கண்ணாடி அலமாரி போதாமல் போய்விடும். ஐகியாவின் டெட்டோல்ஃப் 43 செ.மீ. அகலம், 37 செ.மீ. ஆழம், 163 செ.மீ. உயரம். தட்டுகளை ஏற்றி இறக்க வழியில்லை. அடுத்து வந்த பிளோலிடன் இன்னும் சின்னது: 35, 32, 151. 1/12 ஃபிகர், அதாவது நிஜ அளவில் பன்னிரண்டில் ஒரு பங்கு, 15 செ.மீ. உயரம்தான், அதை இதில் வைத்தால் தலைக்கு மேலே பாதி இடம் வீண். அரை மீட்டரைத் தாண்டும் 1/4 ஸ்டாச்சுவுக்கோ இடமே கிடையாது. தட்டை நம் இஷ்டத்துக்கு நகர்த்த வேண்டும், தூசி உள்ளே போகக் கூடாது, முன்னால் நின்று பார்த்தால் முகம் வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்றால் அளவு கொடுத்துச் செய்வதுதான் வழி.

இங்கே மதிப்பிடுவது ஒரு குறிப்பிட்ட அமைப்பை. வெளி அளவு 800 × 400 × 1800 மி.மீ. நான்கு தூண்களும் 20 × 40 அலுமினிய புரொஃபைல், அதாவது 2040. குறுக்குச் சட்டங்கள் 20 × 20, அதாவது 2020. பக்கங்களுக்கும் முதுகுக்கும் 4 மி.மீ. டஃபண்ட் கண்ணாடி (சூடாக்கி வேகமாகக் குளிரவைத்துப் பலப்படுத்தியது). கதவு இரண்டு, 5 மி.மீ. தட்டு நான்கு, 6 மி.மீ. கூரையும் அடியும் 4 மி.மீ. ஏ.சி.பி. (அலுமினியக் கூட்டுத்) தகடு. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. தடிமனுக்கு 2.5 கிலோ என்பதால், இதில் கண்ணாடி மட்டும் ஏறக்குறைய 58 கிலோ. சட்டமும் தகடும் சேர்ந்தால் காலி அலமாரியே 70 கிலோவைத் தொடும். இதைச் சுவரோடு பிணைக்காமல் விடவே கூடாது. இரு கதவையும் ஒரே நேரத்தில் திறந்தால் 18 கிலோ எடை முன்பக்கம் வந்துவிடும், ஆழமோ வெறும் 40 செ.மீ. தூண்களின் மேல்முனையில் இரண்டு எல்-ஆங்கிள் போட்டு, சுவருக்கேற்ற பிளக்கில் இறுக்குங்கள்.

தூண் ஏன் 2040? பணத்தை மிச்சம் பிடிக்கப் பலரும் நான்கு தூணையும் 2020-இல் போடுகிறார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பின்தூணில் உட்பக்கம் பார்த்த ஸ்லாட் (புரொஃபைலின் நீளவாட்டில் ஓடும் பள்ளம்) இரண்டே இரண்டு. ஒன்றில் பக்கக் கண்ணாடி போகும், இன்னொன்றில் முதுகுக் கண்ணாடி போகும். தட்டைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு ஸ்லாட்டே மிஞ்சாது. கண்ணாடி வந்து மாட்டிய பிறகுதான் இது கண்ணில் படும். பிறகு தூணைத் துளைத்து ஆணி போன்ற முளை அடிக்க வேண்டும், தட்டு உயரத்தை மாற்றும் வசதி அதோடு போச்சு. 2040-ஐ அதன் 40 மி.மீ. பக்கம் ஆழத்தின் திசையில் வருமாறு நிறுத்தினால், உட்புறம் பார்த்த அகலமான முகத்தில் இரண்டு ஸ்லாட் கிடைக்கும். பின்தூணில் ஒன்று முதுகுக் கண்ணாடிக்கு, மற்றது பிராக்கெட்டுக்கு. முன்தூணில் முன்னால் இருப்பது எல்.இ.டி. சேனலுக்கு, பின்னால் இருப்பது பிராக்கெட்டுக்கு. பக்கக் கண்ணாடி குறுகிய முகத்து ஸ்லாட்டில் உட்கார்ந்துகொள்ளும். முன்தூணின் வெளிமுகத்து ஸ்லாட் கதவுக் கீலுக்கு. எந்த ஸ்லாட்டும் இரண்டு வேலைக்கு இழுபடாது. இந்த அமைப்பை நாங்கள் பரிந்துரைக்க முதல் காரணமே இதுதான்.

சட்டத்தைப் பூட்டும் முறை எளிது. 2020-இன் நடுத்துளையில் எம்5 மரை போட்டு, பட்டன் தலை போல்ட்டை அரைகுறையாக முடுக்கி, அந்தத் தலையைத் தூணின் ஸ்லாட்டில் நுழைத்து, தூணில் போட்ட சிறு துளை வழியே ஆலன் கீயால் இறுக்குவது. வெளியே பிராக்கெட் எதுவும் தெரியாது. ஆனால் புரொஃபைலின் முனை சரியான செங்கோணத்தில் அறுபட்டிருக்க வேண்டும். கையால் அறுத்தது இதற்கு உதவாது, அளவு கொடுத்து மெஷினில் அறுத்து வாங்குங்கள். ஒரே திசையில் போகும் சட்டங்கள் எல்லாம் ஒரே நீளமா என்று பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, முனையில் விரல் ஓட்டிப் பாருங்கள். அரை மி.மீ. வித்தியாசம் டேப்பில் தெரியாவிட்டாலும் விரலில் தட்டும்.

மூலைமட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். முன்சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். 800-க்கு 1800 என்றால் இரண்டும் 1970 மி.மீ. வர வேண்டும். ஒன்றுக்கொன்று 1 மி.மீ. வரை போகலாம். 3 மி.மீ. வித்தியாசம் இருந்தால், சட்டத்தின் தலை கிட்டத்தட்ட 4 மி.மீ. ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். கதவு மாட்டியதும் ஒரு கதவின் நடு விளிம்பு இறங்கும், மற்றது ஏறும். நடுவில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றரை மி.மீ. படி தெரியும். அங்கே இடைவெளியே 3 மி.மீ. தான், அதனால் அந்தப் படி உடனே கண்ணில் உறுத்தும். பலர் கீலைக் குறை சொல்வார்கள். கீலில் பிழையே இருக்காது, சட்டம் சாய்ந்திருக்கும். போல்ட்டுகளைத் தளர்த்தி, நீளமான மூலைவிட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு பெல்ட் போட்டு இழுத்து, அப்படியே வைத்து இறுக்கினால் சரியாகிவிடும். தரை மட்டமில்லாமல் போனாலும் இதே கோணல் வரும், ஆகவே நான்கு காலிலும் திருகி உயர்த்தும் லெவலிங் ஃபூட் கட்டாயம். ரசமட்டத்தை அடிச்சட்டத்தில் இரு திசையிலும் வைத்துப் பார்த்த பிறகுதான் மற்ற வேலை.

இனி கண்ணாடி. சட்டம் நின்ற பிறகுதான் கண்ணாடிக்கு ஆர்டர். டஃபண்ட் செய்த பின் கண்ணாடியை அறுக்கவோ, துளைக்கவோ, ஓரம் தேய்க்கவோ முடியாது, முயன்றால் முழுத் துண்டும் பொடிப்பொடியாகக் கொட்டும். ஸ்லாட்டுக்குள் ஒவ்வொரு பக்கமும் 4 மி.மீ. நுழையும் என்று கணக்கிட்டால், 760 × 1760 திறப்புள்ள முதுகுக்கு 768 × 1768. பக்கத்துக்கு 328 × 1768. ஆனால் இந்த எண்களை அப்படியே எழுதிக் கொடுக்காதீர்கள். திறப்பை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்த அளவோடு 8 மி.மீ. கூட்டுங்கள். ஸ்லாட்டின் அடிவரை 2 மி.மீ. இடம் மிச்சமிருக்க வேண்டும். அலுமினியம் சூட்டில் விரிவதற்கும், டஃபண்ட் துண்டில் வழக்கமாக வரும் ஓரிரு மி.மீ. ஏற்ற இறக்கத்துக்கும் அதுதான் இடம். கீழ் ஸ்லாட்டில் 2 மி.மீ. ரப்பர் துண்டு இரண்டு போட்டு அதன்மேல் கண்ணாடியை நிறுத்துங்கள், உலோகத்தின் மேல் நேரடியாக நிற்கக் கூடாது. 6 மி.மீ. ஸ்லாட்டுக்கும் 4 மி.மீ. கண்ணாடிக்கும் இடைவெளியை நிரப்ப யூ வடிவ ரப்பர் பீடிங். சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும்.

ஆர்டர் சீட்டில் எழுத வேண்டியவை: அளவு, தடிமன், நான்கு ஓரமும் பாலிஷ், மூலை முனை மழுக்கல், துளைகளின் மையம், விட்டம். துளையின் விட்டம் கண்ணாடியின் தடிமனைவிடக் குறையக் கூடாது. துளையின் விளிம்பு கண்ணாடி ஓரத்திலிருந்து தடிமனைப் போல் இரண்டு மடங்காவது, மூலையிலிருந்து ஆறு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். 5 மி.மீ. கதவுக்கு அது 10-ம் 30-ம். இதைக் குறைத்துக் கேட்டால் உலையிலேயே உடையும், அல்லது மாட்டிய பிறகு ஒரு நாள் சும்மா இருக்கும்போதே உடையும். கண்ணாடியில் நிக்கல் சல்ஃபைடு துகள் இருந்தாலும் இப்படித் தானாக உடைவதுண்டு. ஹீட் சோக் செய்த, அதாவது மீண்டும் சூடாக்கிச் சோதித்த, கண்ணாடியில் அந்த ஆபத்து பெருமளவு குறையும். தட்டுகளுக்கும் கதவுகளுக்கும் மட்டுமாவது அதைக் கேளுங்கள்.

சாதாரணக் கண்ணாடியா, இரும்புச்சத்து குறைந்த எக்ஸ்ட்ரா கிளியரா? 4 மி.மீ. பக்கக் கண்ணாடியில் நேராகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. தட்டுகளின் முன்விளிம்பில்தான் தெரியும்: சாதாரணக் கண்ணாடியில் பச்சைக் கோடு நான்கு ஓடும். வெள்ளை நிற ரோபோ ஃபிகர் வைத்திருப்பவருக்கு அது உறுத்தும். செலவைக் குறைக்க வேண்டுமானால் கதவுக்கும் தட்டுக்கும் எக்ஸ்ட்ரா கிளியர், பக்கத்துக்கும் முதுகுக்கும் சாதாரணம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

தட்டு விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: டஃபண்ட் போட்டால் வளையாது என்பது. டஃபண்ட் கண்ணாடி உடைவதற்கு எதிராக நான்கைந்து மடங்கு பலம், உண்மை. ஆனால் விறைப்பு சாதாரணக் கண்ணாடியைப் போலத்தான், கொஞ்சமும் அதிகமாகாது. 754 × 340 தட்டின் மேல் 8 கிலோ பரவலாக வைத்தால், அதன் சொந்த எடையும் சேர்ந்து, 5 மி.மீ. தட்டு நடுவில் சுமார் 2.5 மி.மீ. இறங்கும். 6 மி.மீ. என்றால் 1.5. 8 மி.மீ. என்றால் 0.7. 5 மி.மீ. தட்டில் எதிரொளிப்பு வளைந்து தெரியும், காலூன்றி நிற்கும் ஃபிகர் நடுவை நோக்கி லேசாகச் சாயும். பி.வி.சி. ஃபிகருக்கு 6 போதும். பாலிஸ்டோன் (கல்தூள் கலந்த பிசின்) ஸ்டாச்சு ஒன்றே சர்வசாதாரணமாக 5 கிலோவைத் தாண்டும் என்பதால் அதற்கு 8, அதுவும் கீழ்த் தளங்களில்.

டஃபண்ட் தட்டு உடைந்தால் முழுதாக உடையும். மேல் தட்டு கொட்டினால் கீழே இருப்பதெல்லாம் அடிவாங்கும். அதற்குப் பயந்து லேமினேட் (இரு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்து ஒட்டியது) கேட்பவர்கள் உண்டு, நியாயமான பயம்தான். ஆனால் 4+4 லேமினேட் 8 மி.மீ. போல நடந்துகொள்ளாது. நடுவில் உள்ள பி.வி.பி. படலம் நாள்பட்ட சுமையில் மெல்ல இளகிக் கொடுக்கும், ஆக இரண்டு தனித்தனி 4 மி.மீ. தட்டு போலாகிவிடும். மேலே சொன்ன அதே சுமைக்கு இறக்கம் 3 மி.மீ. பக்கம் போகலாம். லேமினேட்தான் வேண்டுமென்றால் முன் பிராக்கெட்டுகளுக்கு இடையே ஒரு 2020 குறுக்குச் சட்டம் கொடுங்கள். முன்பார்வையில் 20 மி.மீ. பட்டை ஒன்று தெரியும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

பிராக்கெட்டுக்கு டி-நட் (ஸ்லாட்டுக்குள் உட்காரும் நட்) இரண்டு வகை. ஸ்லாட்டில் எங்கே வேண்டுமானாலும் போட்டுத் திருப்பும் சுத்தியல் வகை வசதியானது, ஆனால் 90 பாகை முழுதாகத் திரும்பாமல் பாதியில் பிடித்துக்கொண்டு இறுகியது போல ஏமாற்றும். தட்டை வைத்ததும் வழுக்கும். முனை வழியாகத் தள்ளும் வகை நம்பகமானது, ஆனால் சட்டத்தை மூடும் முன்பே உள்ளே போட்டிருக்க வேண்டும். ஒரு தூணுக்கு நான்கு தேவை, ஆறாகப் போட்டு வைத்தால் பின்னால் தட்டு சேர்க்கச் சௌகரியம். பிராக்கெட்டின் மேல் 1 மி.மீ. சிலிகான் பட்டை ஒட்டுங்கள். கண்ணாடியும் அலுமினியமும் நேரடியாகத் தொடக் கூடாது.

அடித்தகடும் நான்கு தட்டும் போக உள்ளே கிடைக்கும் உயரம் 1732 மி.மீ. கலவையான சேகரிப்புக்குக் கீழிருந்து 460, 360, 340, 320, 252 என்று பிரிப்பது நல்ல தொடக்கம். கீழே பெரிய ஸ்டாச்சு. 360-இல் 30 செ.மீ. உயர 1/6 ஃபிகர், பீடத்தோடு. நடுவில் 1/7, 1/8. உச்சியில் 1/12-ம் நெண்டோராய்டு என்ற பெரிய தலைக் குட்டி ஃபிகர்களும். சின்னது கண் மட்டத்துக்கு மேலே போனால் அடிப்பாகம்தான் தெரியும் என்று நினைப்பவர்கள் உச்சித் தளத்தையும் நடுத் தளத்தையும் மாற்றிக்கொள்ளலாம். ஏ.சி.பி. தகடு தனியாகப் பெரிய சுமை தாங்காது. அதற்குக் கீழே முன்னிருந்து பின்னாக இரண்டு 2020 சட்டங்கள் கொடுத்துவிட்டால் கவலையில்லை.

கதவு ஒன்றாகப் போட்டால் 18 கிலோ, கண்டிப்பாகத் தொங்கும். இரண்டாகப் போட்டால் ஒன்று 397 × 1790, சுமார் 9 கிலோ. துளையில்லாமல் கவ்வும் கீல் இந்த எடைக்கு மெல்ல நழுவும், துளையிட்டு மாட்டும் கீலே சரி. கதவுக்கு மூன்று: மேல், நடு, கீழ். மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். நடுக் கீலைக் கடைசியில், கதவு தானாக நிற்கும் இடத்திலேயே இறுக்குங்கள், இழுத்து இறுக்கினால் துளையைச் சுற்றி அழுத்தம் ஏறும். கீல் ஸ்லாட்டில் ஏறி இறங்குவதால் துளை அரை மி.மீ. மாறியிருந்தாலும் சமாளிக்கலாம், மரச்சட்டத்தில் இந்தச் சலுகை இல்லை. சறுக்கும் கதவு எங்களுக்கு உடன்பாடில்லை. எப்போதும் பாதிதான் திறக்கும், நடுவில் நிற்கும் ஃபிகரை எடுக்கக் கையை வளைக்க வேண்டும், இரு கண்ணாடியும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் தூசிக்கு நிரந்தர வழி.

தூசியைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது: முழுக்க அடைத்துவிட்டால் ஆயிற்று என்று. பி.வி.சி. ஃபிகர்களுக்கு அது நல்லதல்ல. மென்மையாக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் மேற்பரப்புக்கு மெல்லக் கசியும். காற்றே மாறாத பெட்டியில் அது தங்கி, தொட்டால் பிசுபிசுக்கும் ஃபிகராக்கும். சூடு சேர்ந்தால் இன்னும் வேகம், மெல்லிய கணுக்கால் உள்ள ஃபிகர் சாயத் தொடங்குவதும் அப்போதுதான். ஆகவே கதவைச் சுற்றி பிரஷ் ஸ்ட்ரிப், நடு இடைவெளிக்குச் சிலிகான் பட்டை (மலிவான தெளிந்த பி.வி.சி. பட்டை சீக்கிரம் மஞ்சளாகும்), வெற்று ஸ்லாட்டுகளுக்கு மூடு பட்டை, தூண் முனைகளுக்கு எண்ட் கேப். இவற்றோடு அடித்தகட்டில் இரண்டு, கூரையில் இரண்டு என 15 மி.மீ. துளைகள், ஒவ்வொன்றிலும் ஃபில்டர் துணி. தட்டுக்கும் முதுகுக் கண்ணாடிக்கும் இடையே ஒன்றரை செ.மீ. விட்டிருப்பதால் சூடான காற்று அந்த வழியே மேலேறிப் போகும். துணியை அவ்வப்போது மாற்றினால் போதும்.

உள்ளே என்ன பொருள் போடுகிறோம் என்பதும் முக்கியம். புளித்த வாடை அடிக்கும் சிலிகான் அசிட்டிக் அமிலம் விடும். டை-காஸ்ட் (அச்சில் வார்த்த உலோக) பாகமுள்ள ஃபிகருக்கு அது எதிரி, நியூட்ரல் சிலிகான் கேட்டு வாங்குங்கள். எம்.டி.எஃப்., பிளைவுட் போன்றவையும் ஆவி விடுபவை. அருங்காட்சியகங்கள் காட்சிப்பெட்டிக்கான பொருளை வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளோடு மூடிய குப்பியில் சூடாக வைத்துச் சோதிக்கின்றன. 1973-இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி உருவாக்கிய முறை அது. கூரைக்கும் அடிக்கும் மரம் தவிர்த்து ஏ.சி.பி. போட்டதற்குக் காரணம் இதுதான்.

விளக்கை உச்சியில் மட்டும் போட்டால் மேல் தளம் பளிச்சென்றிருக்கும், கீழே வரவர இருட்டு. கண்ணாடித் தட்டு ஒளியை விட்டாலும் ஃபிகர்களின் பீடங்கள் மறைத்துவிடும். முன்தூண்கள் இரண்டிலும் செங்குத்தாக, 45 பாகை உள்நோக்கித் திரும்பிய சேனலில் ஓடவிட்டால் எல்லாத் தளத்திலும் முகத்தில் ஒளி விழும். 1.7 மீட்டர் வீதம் மொத்தம் 3.4 மீட்டர், 24 வோல்ட், மீட்டருக்கு 5 வாட் உள்ள சி.ஓ.பி. ஸ்ட்ரிப் (புள்ளி தெரியாமல் ஒரே கோடாக ஒளிரும் எல்.இ.டி. பட்டை), நிறத்தை உள்ளபடி காட்டும் அளவான சி.ஆர்.ஐ. 90-க்கு மேல், 4000 கெல்வின். மொத்தம் 17 வாட், 30 வாட் டிரைவர் (ஸ்ட்ரிப்புக்கு மின்சாரம் தரும் பெட்டி) தாராளம். மீட்டருக்கு 10 வாட் ஸ்ட்ரிப் தேவையே இல்லை, வெளிச்சத்தோடு சூட்டையும் இரட்டிப்பாக்கும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் முனைக்கு முனை ஒளி மங்குவது இந்த நீளத்திலேயே தெரியலாம். டிரைவரை கூரைக்கு மேலே வெளியில் வையுங்கள், உள்ளே வைக்கவே கூடாது. வெள்ளை எல்.இ.டி.யில் புற ஊதா கிட்டத்தட்ட இல்லை, ஃபிகரை மஞ்சளாக்குவது ஜன்னல் வெயில்தான். கண்ணாடி அதை முழுதாகத் தடுக்காது. லேமினேட் தடுக்கும், ஆனால் அதைவிட அலமாரியை வெயில் படாத சுவருக்கு மாற்றுவது மேல்.

மற்ற வழிகளைப் பற்றி. சட்டமே இல்லாமல் யு.வி. பசையால் (புற ஊதா ஒளியில் இறுகுவது) ஒட்டிய முழுக் கண்ணாடிப் பெட்டி அழகில் இதைத் தூக்கி அடிக்கும், மறுக்க முடியாது. ஒரே ஒரு பெரிய ஸ்டாச்சுவுக்கு அதுதான் எங்கள் தேர்வு. ஆனால் தட்டு உயரத்தை மாற்ற முடியாது, ஒரு பக்கம் உடைந்தால் மொத்தமும் வீண், வீட்டு வாசல் வழியே நுழையாத அளவில் செய்துவிட்டால் வீடு மாற்றும்போது தலைவலி. 2040 அமைப்பைக் கழற்றி, கண்ணாடியைத் தனியாகச் சுற்றி, வேறிடத்தில் பூட்டலாம். இதன் குறை: ஸ்லாட்டில் உட்கார்ந்த கண்ணாடி ஒன்று உடைந்தால் மேல் குறுக்குச் சட்டத்தைக் கழற்றித்தான் புதியதை இறக்க முடியும். தூணின் 20 மி.மீ. பட்டை முன்பார்வையில் எப்போதும் இருக்கும். கறுப்பு அனோடைஸ் வாங்கினால் அது கண்ணில் படுவது குறையும்.

ஃபிகர்களை அடுக்கிய பிறகு கதவு இடைவெளியை மறுபடி பாருங்கள். சுமை ஏறியதும் தரை கொஞ்சம் அமுங்கி நடுக்கோடு மாறும். லெவலிங் ஃபூட்டை அரைச்சுற்று திருப்பினாலே சரியாகும், கீலைத் தொட வேண்டியதில்லை. ஓரிரு மாதத்தில் பிராக்கெட் போல்ட்டுகளை ஒரு சுற்று பரிசோதியுங்கள். கண்ணாடி ஆர்டர் கொடுக்கும்போதே தட்டு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள். பின்னால் ஒன்றை மட்டும் செய்து வாங்கினால் விளிம்பின் நிறம் மற்ற மூன்றோடு ஒத்துப்போவது அரிது.